முயல் காதும் முகூர்த்தப் பட்டும்

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன உறையைப் பிரித்தால், உள்ளே ஒரு முயலின் முகம். முழு முகம். இரண்டு காதுகளோடு, கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகளோடு. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஓடிவந்த எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, முயலைப் பார்த்தார். "ஆகா, என்ன நிறம் பாரு!"

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் குடியிருந்தால் இதெல்லாம் சகஜம். டெஸ்ட், இச்சென் என்று அடித்தரை வரை தெரிகிற இரண்டு ஆறுகள், அவற்றில் டிரவுட் மீன். அது புழுவைத் தின்னாது என்றில்லை. புழு வைத்துப் பிடிப்பது மரியாதையல்ல என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே தூண்டில் முள்ளில் ரோமத்தையும் இறகையும் கட்டி, ஈ மாதிரி ஒன்றைச் செய்து மீனை ஏமாற்ற வேண்டும். குளிர்காலத்தில் டிரவுட்டைத் தொடக்கூடாது என்பதால், அந்த மாதங்கள் முழுக்க இவர் சாப்பாட்டு மேசையில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸை மாட்டி ஈ கட்டுகிறார். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.

மெழுகு தடவிய நூலில் ரோமத்தைத் திரித்து ஏற்றி, அந்த நூலையே முள்ளில் சுற்றி உடம்பு செய்வதற்கு டப்பிங் என்று பெயர். எந்த ரோமம் என்பதில்தான் இவர்கள் புத்தி தெரியும். 1900 வாக்கில் டெவன் மாவட்டத்து டிவெர்ட்டனில் ஆஸ்டின் என்பவர் ஒரு ஈ கட்டினார். அதற்கான ரோமம் ஆட்டுக் கிடாயிடமிருந்து வந்தது. கிடாயின் எந்த இடம் என்று குடும்பப் பெண் எழுத முடியாது. பின்னங்கால்களுக்கு நடுவில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்கூஸ் என்கிற வக்கீல்தான் அதற்கு 'டப்ஸ் இண்டிஸ்பென்சபிள்' என்று கௌரவமாகப் பெயர் வைத்தார். அமெரிக்காக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 'ஹென்ட்ரிக்ஸன்' ஈ கட்ட, பெண் நரியின் மூத்திரம் பட்டே ரோஜா நிறமாகிப்போன அடிவயிற்று ரோமத்தைத் தேடுவார்கள். நரி எப்படிச் சம்மதித்தது என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தவர் ஃபிராங்க் சாயர் ஒருவர்தான். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக்குக் காவலாக இருந்தவர். காலுறை ஓட்டையைத் தைக்கிற சாட்விக்ஸ் 477 கம்பளி நூலைக் கம்பியோடு முள்ளில் சுற்றினார், மீன் கடித்தது. அந்த நூலின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. மிச்சமிருக்கிற ஓர் அட்டை நூலுக்கு இப்போது கொடுக்கிற விலையில் குடும்பத்துக்கே புதுக் காலுறை வாங்கலாம்.

திரிப்பதற்கு வருகிறேன். ஒரு சிட்டிகை ரோமம் எடு, அதில் பாதியைத் திருப்பி வை, மிச்சத்திலும் பாதியை வை. இதுதான் முதல் பாடம். பிறகு நூலோடு சேர்த்து ஒரே பக்கமாகத் திரிக்க வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால், போகும்போது திரிந்தது வரும்போது பிரிந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள இவர் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. விளக்குக்குத் திரி திரிப்பது மாதிரிதானே! அப்பத்தா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு, வால் பக்கம் மெல்லிசாகவும் தலைப் பக்கம் தடிப்பாகவும் ஒன்று திரித்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். என் சமையலுக்கும் கல்யாணமான நாள் முதல் இதே சான்றிதழ்தான்.

அடுத்தது ரிப்பிங். ரோம உடம்பின்மேல் மெல்லிய கம்பியையோ ஜரிகையையோ இடைவெளிவிட்டு நாலைந்து சுற்று. பூச்சியின் வயிற்று வரிகள் தெரிவதற்காக. டிரவுட்டின் பொடிப்பற்களில் ரோமம் பிய்ந்துபோகாமல் இருப்பதற்காகவும். ரோமத்தை ஏற்றுமுன்பே கம்பியின் நுனியை வால் பக்கம் கட்டிவிட வேண்டும். ரோமம் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் சுற்றினால் குறுக்கே விழுந்து பிடித்துக்கொள்ளும். அதே திசையில் போனால் ரோமத்துக்குள் புதைந்துவிடும். இவ்வளவும் கச்சிதமாக முடித்தபின் ஓர் ஊசியை எடுத்து, வரிகளுக்கு நடுவே குத்திக் குத்தி ரோமத்தை வெளியே இழுத்துக் கலைக்கிறார். கலைந்திருந்தால்தான் மீனுக்குப் பிடிக்குமாம். தலை வாராமல் பள்ளிக்கூடம் கிளம்பிய மகளை இதே மனிதர் என்ன பாடு படுத்தியிருக்கிறார்!

பொன் ஜரிகை சுற்றிய முயல் காது ஈ இந்த நாட்டில் பேர்போனது. அசல் பூச்சியை அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும் என்று சொன்ன ஹால்ஃபோர்ட், இதை வைத்து நிறைய மீன் பிடித்தும் பிற்காலத்தில் ஒதுக்கிவிட்டார். எந்தப் பூச்சியின் நகல் என்று சொல்ல முடியவில்லையாம். மீன்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஜரிகை என்றதும் இவர் பார்வை என் பீரோ பக்கம் போயிற்று.

"உன் முகூர்த்தப் புடவை மடிப்புல விட்டுப்போச்சுன்னு சொன்னியே..."

"சொன்னேன். அதுக்கு?"

"அசல் வெள்ளி ஜரிகை. ஒரு சாண் போதும்."

சென்னையில் பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவராவது காசு கொடுப்பார். இவரோ பிடிக்கிற மீனையெல்லாம் ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்; ஒரு குழம்புக்கு வழியில்லை. "காஞ்சிபுரம் ஜரிகையைக் கடிச்ச மீன் வீட்டுக்கு வரணும். சம்மதமா?" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று மாடிக்குப் போனவர்தான்.

இதற்கிடையில் மதுரையிலிருந்து என் தம்பி வரப்போகிறான். வீடியோ காலில் விசா வந்ததா, டிக்கெட் போட்டாயா என்று இவர் எதுவும் கேட்கவில்லை. திரைக்கு வெகு கிட்டே போய், "மாப்ளே, அந்த மீசைக்கு டை அடிக்கிறியா, இல்ல இயற்கையாவே அந்தக் கலரா?" என்றார்.

"எல்லாம் இயற்கைதான் மாமா" என்று அவன் பெருமையாக முறுக்கிக் காட்டினான்.