காளை எங்கடா போச்சு?

டிராயிங் வாத்தியாரு தம்பி, புள்ளைங்கள வேன்ல ஏத்தித் தஞ்சாவூரு அரண்மனை கலைக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே? நல்ல காரியம். மாதா கோயில் வாசல்ல மெழுகுவத்தி வித்தே தலை நரைச்ச கெழவன் சொல்றேன், கேட்டுக்குங்க. புள்ளைங்களுக்குக் கலைன்னாலே கசக்கணும்னா வழி ரொம்ப சுளுவு. உள்ள நுழைஞ்சதும் ‘பேசாதே’ன்னு ஒரு அதட்டு. பலகையில இருக்குற பேரு, ஊரு, நூற்றாண்டு அத்தனையும் நோட்டுல எழுதச் சொல்லுங்க. எழுதி முடிச்சு நிமிர்றதுக்குள்ள வேன் கெளம்பிடும். சிலையப் பாக்குற தொந்தரவே கெடையாது!

இல்ல, கண்ணு தொறக்கணும்னு ஆசை இருந்தா, நூறு சிலை வேணாம். ஒண்ணு போதும். திருவெண்காட்டுலேர்ந்து வந்த ரிஷபவாகனர், அதான் சிவன். ராஜராஜன் காலம், 1011-ல வார்த்தது. பாம்பு சுத்துன சடையத் தலப்பாவா கட்டிக்கிட்டு, காலுக்குக் குறுக்கே காலப் போட்டு, ஒரு கையத் தூக்கி ஒய்யாரமா சாஞ்சு நிப்பாரு. எது மேல சாஞ்சிருக்காரு? அங்க ஒண்ணுமே இல்லை! காளை மேல வெச்ச கை. காளை எந்தக் காலத்துலயோ காணாமப் போச்சு.

இத நீங்க சொல்லிடாதீங்க தம்பி, நாக்கக் கடிச்சுக்குங்க. ஒரு பயல அதே மாதிரி நிக்கச் சொல்லி, இன்னொருத்தனக் காளையாக் குனிய விடுங்க. அப்புறம் காளைய மெதுவா நகத்துங்க. பய சாமி தடுமாறுவாரு. செம்புச் சாமி மட்டும் ஆயிரம் வருசமா அசையலை. இடுப்பு எங்க ஒடியுது, தோளு எவ்வளவு எறங்குது, விரலு எப்படித் தொங்குதுன்னு அப்பப் பாருங்க, ஒவ்வொண்ணாப் போயிப் பாக்கும் புள்ளைங்க. நீங்க உடனே போர்டுல கோடு போட்டு, கதை இந்தப் பக்கம், வேலைப்பாடு அந்தப் பக்கம்னு பாகப்பிரிவினை பண்ணிடாதீங்க. இல்லாத காளைய அந்தச் சாய்மானந்தானே காட்டுது?

எப்படிச் செஞ்சாங்கன்னு கேப்பாங்க. சுவாமிமலை ஸ்தபதிங்க இன்னிக்கும் தேன்மெழுகும் குங்கிலியமும் சேத்துக் காய்ச்சி உருவம் பிடிக்கிறாங்க. அது மேல காவேரி வண்டலப் பூசிக் காயவெச்சு, சூடு காட்டுவாங்க. மெழுகு உருகி ஓடிடும். அது இருந்த எடத்துல உலோகத்த ஊத்துவாங்க. மண்ண ஒடச்சா சாமி. அச்சு அத்தோட போச்சு. இன்னொரு சாமி வேணும்னா மறுபடி மெழுகுலேர்ந்து தொடங்கணும்.

இதெல்லாம் வாயால சொன்னாப் பத்தாது. போறதுக்கு மொதநாளே ஆளுக்கு ஒரு உருண்டை மெழுக வெந்நீர்ல வாட்டிக் கையில குடுங்க. ஆடோ மாடோ பிடிக்கட்டும். காலு ஒடியும். மறுபடி வெப்பான், மறுபடி ஒடியும். அவந்தான் தஞ்சாவூர்ல போயி, ஒடியாத காலப் பாத்து வாயப் பொளப்பான்.

‘மெழுகு நோண்டவா பீசு கட்டுறோம்’னு பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. அவங்க கையிலயும் ஒரு உருண்டையத் திணிச்சு விடுங்க. அரைமணி நேரம் சத்தமே வராது. மெழுகுக்கு எங்கயும் அலையாதீங்க தம்பி, நம்ம கடைக்கு வாங்க. ஒடஞ்சது வளைஞ்சது எல்லாம் பாதி வெலை. கலைக்காக நானும் ஏதாச்சும் செய்யணுமில்ல!