வேன் கூலி ஏன் இப்படி?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த என் மச்சான், வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேன்காரர் கேட்ட கூலியில் ஆடிப்போனார். இது கொள்ளையில்லையா?

பதில்: அந்தச் சொல் வேண்டாம், தம்பி. வேனுக்கும் ஒரு வயிறு உண்டு. சாரதி தன் வயிற்றைப் பார்க்க முதல் அதை நிரப்பவேண்டும். 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அடுத்து எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். பெற்றோல் செட்டில் வரிசையாக நின்ற ஓட்டோக்களின் சீட்டில் தூங்கி விடிந்தவர்களை நான் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ்காரர் மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரியோடு படியேறி அறைக்கதவைத் தட்டுவார்: ஜெனறேற்றரைப் போட்டால் டீசல் காசு போகும், போடாவிட்டால் ஆள் போய்விடும். 2018இல் 23 இலட்சமாக இருந்த உல்லாசப் பயணிகள் 2022இல் ஏறத்தாழ 7.2 இலட்சம். அந்த நாட்களில் பட்ட கடனைத்தான் பலர் இன்னும் கட்டுகிறார்கள்.

மச்சானை நாலு பேரோடு சேர்ந்து வேன் பிடிக்கச் சொல்லுங்கள். தனி ஆளென்றால் வெள்ளவத்தையிலேயே இரவு பஸ் இருக்கிறது.