ஏழு மட்டமும் ஒரு பழைய அக்வாவும்

பெறுநர்: தொழிற்தகைமைச் சான்றிதழ்களுக்குப் பொறுப்பான பெரியவர்கள், கொழும்பு.
அனுப்புநர்: ஒரு கராஜ் பாஸ், சாய்ந்தமருது.
விடயம்: மருமகனின் மோட்டார் டிப்ளோமாவைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

கனம் ஐயாமாரே,

சீமெந்துக் கலண்டரின் பின்பக்கம்தான் என் கராஜின் கணக்குப் புத்தகம். இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. தங்கச்சியின் மகன் டிப்ளோமா முடித்து வந்து ஆறு மாதமாகிறது. இடது பக்கத்தில் இனி எழுத இடமில்லை. வலது பக்கத்தில் என்ன எழுதுவதென்று கேட்கவே இக்கடிதம்.

முதலில் செலவு. இலவசமாகப் படிப்பிக்கும் இடத்தில் அனுமதி கிடைக்காததால், கொழும்பில் காசு வாங்கிப் படிப்பிக்கும் ஓரிடத்தில் சேர்த்தோம். எங்கள் கடைத்தெருவும் கொழும்பும் ஒரே ஏ4 வீதியில்தான் இருக்கின்றன. நடுவே ஒரு முழு இரவு பஸ் ஓட்டம். கோர்ஸ் காசுக்கு அவன் உம்மாவின் காப்பு போனது. போடிங் வாடகைக்கு வாப்பாவின் மாடு போனது. பெருநாளைக்கு ஊர் வந்து திரும்பும் பஸ் காசு என் மேசை லாச்சியிலிருந்து போனது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இல்லாத செலவும் ஒன்றுண்டு. அவனோடு ஓ.எல். எழுதிவிட்டு என்னிடம் கைவேலைக்கு வந்த பொடியன், டிப்ளோமா நடந்த இரண்டு வருடமும் வியாழக்கிழமை தவறாமல் சம்பளம் வாங்கினான். இன்று அவனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. டிப்ளோமாக்காரன் அதன் பின்சீட்டில் உட்கார்ந்துதான் கராஜுக்கு வருகிறான்.

இனி வரவு. உங்கள் தேசிய தொழிற்தகைமைக்கு ஏழு மட்டம். வானமும் ஏழென்று ஓதி வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணிக்கையில் எங்களுக்குக் குறையில்லை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். மருமகன் ஐந்தில் நிற்கிறான். முப்பது வருடம் கையில் கிறீஸ் பூசிய நான் பூச்சியத்தில் நிற்கிறேன். ஆனால் லான்ட்மாஸ்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வரும் சம்மாந்துறைப் போடியார் இதுவரை எவரிடமும் மட்டம் கேட்டதில்லை. "நாளைக்கு வயலுக்குப் போகணும், மிஷின் ஓடுமா பாஸ்?" என்றுதான் கேட்கிறார்.

மட்டம் கேட்கிற ஒரே ஆள் கட்டார் ஏஜென்சிக்காரர். கடதாசியைக் கண்டதும் கதிரை தருகிறார், பிளேன்டி தருகிறார். ஆக, காப்பு எங்களுடையது, மாடு எங்களுடையது, மெக்கானிக் டோஹாவுக்கு. நாட்டுக்கு டொலர் வருமே என்பீர்கள். வரட்டும். மாடு வராதல்லவா?

பூச்சிய மட்டத்தின் கணக்கையும் கேளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஒரு வண்டியைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி நாட்டை உருட்டியவர்களில் பூச்சிய மட்டக்காரர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கான நன்றிக் கடிதமும் ஏ4 வழியாகத்தான் வரவேண்டும் போலும், இன்னும் வந்துசேரவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அல்லாஹ்வுக்குப் பொருந்தாது. போன கிழமை ஒரு பழைய அக்வா ஹைபிரிட் கார் வந்தது. கடற்கரைப் பள்ளிப் பக்கம் நின்று நின்று உப்புக்காற்றில் அடியெல்லாம் துரு. ஒரு போல்ட் அசையவில்லை. மருமகன் ஸ்பானரைப் போட்டு முழுப் பலத்தோடு இழுத்தான். "டேய் மகன், நில்லு" என்றேன். சொட்டு டீசல் விட்டு, சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் மெல்லத் தட்டி, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வந்து திருப்பினேன். கழன்றது. அந்தப் பிளேன்டி உங்கள் பாடத்திட்டத்தில் எத்தனையாம் மட்டத்தில் வருகிறது?

பிறகு பொனட்டைத் திறந்து செம்மஞ்சள் வயரில் கை வைக்கப் போனேன். மணிக்கட்டில் ஒரு பிடி. "மாமா, கைய எடுங்க." சேர்விஸ் பிளக்கைக் கழற்றினான். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கப் பத்து நிமிடம் என்னைக் காக்க வைத்தான். அந்தக் காரின் ஹைபிரிட் பெட்டரி 144 வோல்ட்டாம். இன்வேட்டருக்குள் அது இன்னும் ஏறுமாம். முப்பது வருடம் 12 வோல்ட்டோடு விளையாடிய கை இது. அன்று அந்தப் பிடி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வேலை தெரிந்தவன் வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் பெற, முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. அதை எங்கள் கராஜ் வாசலுக்குக் கொண்டு வாருங்கள். தமிழில் கேளுங்கள், துருப்பிடித்த போல்ட்டை வைத்துக் கேளுங்கள்.

இரண்டு: செம்மஞ்சள் வயர் பாடத்தை இந்தக் கரையோரப் பாஸ்மாருக்கு இஷாத் தொழுகைக்குப் பிறகு நடத்துங்கள். வயர் எங்கள் மட்டத்தைப் பார்த்து அடிப்பதில்லை.

மூன்று: காசு வாங்கிப் படிப்பிக்கும் இடங்களின் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடதாசிக்குக் கல்முனையில் எவ்வளவு சம்பளம், டோஹாவில் எவ்வளவு என்று அதில் எழுதட்டும். உம்மாமார் காப்பைக் கழற்றுவதற்கு முன்பு வாசிக்கலாம்.

மருமகனுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். அதற்குள் எனக்கு ஹைபிரிட் பாடம் சொல்லித் தந்து முடிப்பானாம். தினமும் இஷா முடிய ஒரு மணித்தியாலம். காசு வேண்டாம் என்கிறான். சான்றிதழும் கிடையாதாம். கலண்டரின் வலது பக்கத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மட்டம் பூச்சியம்,
கராஜ் பாஸ்.