இரண்டே பக்கத்தில் போர்டு ரூம்

கேள்வி: வங்கியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி ஒன்றில் சுயேச்சை இயக்குநராக வேண்டும் என்று ஆசை. சுயவிவரம் ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. சரியாக இருக்குமா?
- ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, திருச்சி

பதில்: ஏழு பக்கம் அதிகம், சார். டெபாசிட் திரட்டியதற்கு வாங்கிய கேடயங்கள், போய்வந்த பயிற்சி வகுப்புகள், பள்ளி மதிப்பெண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘நேர்மையும் கடின உழைப்பும் என் பலம்’ என்ற வரியும் போகட்டும். அதை எழுதாதவர் நாட்டில் யாரும் இல்லை.

உங்கள் தாளை முதலில் புரட்டுவது கம்பெனியின் நியமன, ஊதியக் குழு. காலியான இடத்தில் வருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முன்பே பேசி வைத்திருப்பார்கள். அதற்கான பதில் உங்கள் முதல் ஐந்து வரியில் இருக்க வேண்டும். பெரிய கடன்களின் அபாயத்தை எடைபோட்டது, நொடித்த கம்பெனிகளின் கடனைச் சீரமைத்தது, ரிசர்வ் வங்கியின் ஆய்வுகளுக்குப் பதில் சொன்னது என உங்கள் சரக்கை அங்கேயே இறக்கிவிடுங்கள். எந்தக் குழுவில் பயன்படுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தணிக்கைக் குழுவில் கணக்கு அல்லது நிதி நிர்வாகத்தில் தேர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது செபியின் விதி. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

கேள்வி: வேலைக்குப் போட்ட பயோடேட்டாவையே கொஞ்சம் தட்டிக் கொட்டி அனுப்பினால் என்ன?
- ஆலைத் தலைமை அதிகாரி, ஓசூர்

பதில்: வேலைதான் கிடைக்கும்! ஆலையை நடத்த அங்கே ஏற்கெனவே ஒரு மேனேஜிங் டைரக்டர் இருக்கிறார். இரண்டாவதாக ஒருவர் வந்து நிற்பதை அவர் விரும்ப மாட்டார், போர்டும் விரும்பாது.

‘புதிய ஆலையைக் குறித்த காலத்துக்கு முன்பே கட்டி முடித்தேன்’ என்று எழுதியிருப்பீர்கள். நல்ல சாதனைதான். ஆனால் போர்டுக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. ஆலை தேவை என்று முடிவெடுத்தது எப்படி, எந்தக் கணக்கை நம்பினீர்கள், எதை நம்ப மறுத்தீர்கள்? ‘புதிய ஆலைக்கான முதலீட்டுத் திட்டத்தைப் போர்டின் முன் வைத்தேன், சந்தையில் தேவை குறைவதைக் கண்டு, உற்பத்தித் திறனைக் குறைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தேன், போர்டு ஏற்றது’ என்று எழுதிப் பாருங்கள். இதைப் படிப்பவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும்: இன்னொருவர் கொண்டுவரும் கணக்கையும் இந்த மனிதர் இப்படித்தான் கேள்வி கேட்பார்.

ஆகவே உங்கள் வினைச்சொற்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கட்டினேன், விற்றேன், நடத்தினேன் என்பவை குறையட்டும். ஆராய்ந்தேன், எதிர்த்தேன், மாற்றச் சொன்னேன், ஒப்புதல் தந்தேன் என்பவை கூடட்டும். கம்பெனியின் விற்றுமுதல், தொழிலாளர் எண்ணிக்கை, நீங்கள் யாருக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தீர்கள் என்பதை ஒரு வரியில் கொடுங்கள். அளவு தெரியாமல் யாராலும் எடைபோட முடியாது.

ஒரு எச்சரிக்கை. பழைய கம்பெனியின் ரகசியத்தைச் சொல்லி உங்கள் திறமையை நிரூபிக்காதீர்கள். அவர்கள் ரகசியத்தைத் தாளில் எழுதியவர் நம் ரகசியத்தை எங்கே எழுதுவாரோ என்றுதான் குழு யோசிக்கும்.

கேள்வி: இதுவரை எந்தப் போர்டிலும் இருந்ததில்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவது?
- பட்டயக் கணக்காளர், மதுரை

பதில்: நன்றாக யோசியுங்கள். மருத்துவமனை அறக்கட்டளை, கல்லூரி நிர்வாகக் குழு, கூட்டுறவுச் சங்கம், தொழில் சபை எதிலும் பொறுப்பு வகித்ததில்லையா? கம்பெனிகளின் தணிக்கைக் குழுவுக்கு முன் உட்கார்ந்து கணக்கை விளக்கியதில்லையா? அதெல்லாம் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பெற்ற போர்டு அனுபவம். தனித் தலைப்பிட்டு, தொழில் அனுபவத்துக்கு மேலே வையுங்கள்.

முதல் அடியைப் பெரிய கம்பெனியில்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பட்டியலிடப்படாத பொதுக் கம்பெனியாக இருந்தாலும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 100 கோடி ரூபாயோ எட்டிவிட்டால் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். சில வகைக் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. அப்படியும் கூட்டம் குறைந்த வாசல் இதுதான்.

கேள்வி: குறிப்பிட்ட ஒரு கம்பெனிக்கு என்ன திறமை தேவை என்பது வெளியே இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?
- தகவல் தொழில்நுட்ப ஆலோசகர், சென்னை

பதில்: அவர்களே அச்சடித்து வெளியிட்டிருக்கிறார்கள்! பட்டியலான கம்பெனியின் ஆண்டறிக்கையில் ‘கார்ப்பரேட் கவர்னன்ஸ்’ பகுதியைத் திறந்தால் ஓர் அட்டவணை இருக்கும். போர்டுக்குத் தேவையான திறமைகள் ஒரு பக்கம், எந்த இயக்குநருக்கு எது உண்டு என்பது மறுபக்கம். செபி கட்டாயமாக்கிய அட்டவணை இது. சைபர் பாதுகாப்புக்கு நேரே ஒரே ஒரு பெயர் இருந்து, அவருடைய பதவிக்காலமும் முடியப்போகிறது என்றால் அதுதான் உங்கள் நாற்காலி. சுயேச்சை இயக்குநருக்கு ஒரு தவணை அதிகபட்சம் ஐந்து ஆண்டு. தொடர்ச்சியாக இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. நியமனத் தேதியைப் பார்த்தால் இடம் எப்போது காலியாகும் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். ஒரே சுயவிவரத்தை ஐம்பது கம்பெனிகளுக்கு அனுப்புவதைவிட, இப்படிப் படித்து ஐந்து கம்பெனிகளுக்குத் தனித்தனியாக எழுதுவது மேல்.

கேள்வி: பரீட்சை வேறு உண்டாமே?
- பேராசிரியை, கோவை

பதில்: உண்டு, மேடம். இந்தியக் கார்ப்பரேட் விவகார நிறுவனம் நடத்தும் தரவு வங்கியில் முதலில் பெயரைப் பதிய வேண்டும். பதிந்த இரண்டு ஆண்டுக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். போதிய ஆண்டுகள் இயக்குநராக இருந்தவர்களுக்கும், பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர் போன்றோருக்கும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. பதிவும் தேர்ச்சியும் சுயவிவரத்தில் ஒரு வரி பெறட்டும். தரவு வங்கியில் கொடுத்த விவரமும் சுயவிவரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள்.

கேள்வி: நான் மனிதவளத் துறையில் இருந்தவள். ‘பெண் இயக்குநர் பதவிக்குத் தகுதியானவர்’ என்று தலைப்பில் போடலாமா?
- வாசகி, சேலம்

பதில்: வேண்டாம், அம்மா. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் கம்பெனிகள் ஒரு பெண் சுயேச்சை இயக்குநரையாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கே தெரியும். நீங்கள் சொல்ல வேண்டியது, தலைமை மாறும்போது கம்பெனி தடுமாறாமல் பார்த்துக்கொண்ட கதையை. அடுத்த மேனேஜிங் டைரக்டர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத போர்டுகளுக்கு உங்களைப் போன்றவர்தான் தேவை.

கேள்வி: என் மைத்துனர் அந்தக் கம்பெனிக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிறார். எழுத வேண்டுமா, மறைக்கலாமா?
- தொழில்முனைவர், ஈரோடு

பதில்: மறைத்தால் பின்னால் நீங்களே மறைய வேண்டிவரும். உறவினர் யார் என்ற வரையறை கம்பெனிச் சட்டத்தின் 2-வது பிரிவிலும், பணத் தொடர்புக்கான வரம்பு 149-வது பிரிவிலும் இருக்கிறது. மைத்துனர் அதற்குள் வருகிறாரா என்பதை ஒரு கம்பெனிச் செயலரிடம் கேளுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். சுயேச்சையானவர் என்று கையெழுத்திட்டு உறுதிமொழி தரப்போவது நீங்கள்தான்.

கேள்வி: எனக்கு 73 வயது. பிறந்த தேதியை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: போடுங்கள். பட்டியலான கம்பெனியில் 75 வயதைத் தாண்டியவருக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவை. அதைக் குழு கணக்கிட்டே ஆக வேண்டும்.

கேள்வி: பெரிய பட்டம், பெரிய பதவி இருந்தால் போதாதா? சம்பளம் எவ்வளவு?
- எம்பிஏ மாணவர், சென்னை

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு கூட்டத்துக்கு அமர்வுக் கட்டணம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். லாபத்தில் கமிஷன் தரலாம். ஊழியர்களுக்குத் தருவது போல ஸ்டாக் ஆப்ஷன் தரக் கூடாது.

பட்டத்துக்கு வருகிறேன். சத்யம் கம்பெனியின் போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் கேபினட் செயலர் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தார் சம்பந்தப்பட்ட இரண்டு மேடாஸ் கம்பெனிகளை வாங்க அந்தப் போர்டு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று கணக்கே பொய் என்று ராஜு கடிதம் எழுதினார். அந்த மேசையைச் சுற்றியிருந்த சுயவிவரங்களில் ஒன்றுகூடச் சாதாரணமானது கிடையாது.

அதனால்தான் பட்டத்தைவிட, கேள்வி கேட்ட அனுபவத்தை மேலே எழுதச் சொல்கிறேன். கவனமாகச் செயல்படாத சுயேச்சை இயக்குநரைச் சட்டம் பொறுப்பாக்கும். சுயவிவரத்தை அனுப்பும் முன் அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளையும் தணிக்கையாளர் குறிப்போடு படியுங்கள். படித்த பிறகு மனம் உறுத்தினால், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.