அறுபத்தோராம் சீட்டு

இரவு பத்தரை மணிக்கு மேல் கைப்பேசி அலறி, எடுத்தவுடன் சௌக்கியமா என்றோ தூக்கத்தைக் கலைத்துவிட்டேனா என்றோ ஒரு சம்பிரதாய வார்த்தைகூட இல்லாமல், "அண்ணே, 20 மலையா, 21 மலையா?" என்று ஒரு குரல் கேட்குமானால், அது யாருடைய குரல் என்பதை மேஜிக் சீட்டு ஆடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடாதவர்கள், அந்த மலை பழனியும் அல்ல, திருவண்ணாமலையும் அல்ல, மற்றச் சீட்டுகளை ஆடுவதற்கு விலையாகச் செலுத்தும் மானாவில் சிவப்பு மானாவைத் தருகிற ஒரு சாமானிய நிலச் சீட்டு என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். மற்றபடி இந்த மனிதரை அவர்களும் அறிவார்கள். கல்யாணப் பத்திரிகையை அச்சகத்திலேயே நின்று ஏழாம் முறை திருத்தி, முகூர்த்தத்துக்கு மறுநாள் வாங்கிக்கொண்டு வருகிறவர் இவருக்குப் பங்காளி முறை.

இவர்தான் டெக் என்னும் சீட்டுக் கட்டின் சீர்திருத்தவாதி. சீட்டுக் கடை என்று ஒன்று இருந்தால் அதில் சுவரோரமாக இவருக்கென்று ஒரு நாற்காலியும் இருக்கும். சிங்கப்பூரில் நான் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆடப் போகும் கடையிலும் இருக்கிறது. எல்லோரும் ஆடி முடித்து, ஜெயித்தவர் தோற்றவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, கடைக்காரர் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கும் வேளையிலும், அந்த நாற்காலியில் இருப்பவர் தம் சீட்டுகளை மேசைமீது பரப்பி, ஒன்றை எடுத்து ஓரமாக வைப்பதும், பெருமூச்சுவிட்டு அதையே மறுபடி உள்ளே வைப்பதுமாக இருப்பார்.

விஷயம் இவ்வளவுதான். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்னும் கணிதப் பண்டிதர் இந்த ஆட்டத்தைச் சிருஷ்டித்தபோது, ஒரு கட்டில் குறைந்தது 40 சீட்டு இருந்தால் போதும் என்றிருந்தது. அடுத்த ஆண்டே போட்டி விதிகள் வந்து, குறைந்தது 60 இருக்க வேண்டும், அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது என்று ஆக்கிவிட்டன. மேல் எல்லை என்று ஒன்று இல்லை. பிறர் உதவியின்றிக் கலைக்க முடிகிற அளவுக்கு இருந்தால் சட்டம் கேள்வி கேட்காது. ஆனாலும் விவேகமுள்ள எல்லா ஆட்டக்காரர்களும் அந்த 60-ஐயே மேல் எல்லையாகவும் பாவிக்கிறார்கள். ஏனென்றால் கட்டு மெலிய மெலியத்தான் நல்ல சீட்டு அடிக்கடி கைக்கு வரும். இந்தத் தத்துவத்தை எனக்கு உபதேசித்தவரே நம்மவர்தான். நான்கு 'லைட்னிங் போல்ட்' உள்ள 60 சீட்டுக் கட்டில், முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளுக்குள் அது ஒன்றாவது வருவதற்கு ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு உண்டென்றும், ஒரே ஒரு சீட்டு கூடி 61 ஆனால் அது 39.4 ஆகக் குறைந்துவிடுமென்றும், சுமார் 200 ஆட்டத்தில் ஓர் ஆட்டம் இந்த அலட்சியத்தால் பாழாகுமென்றும், கண்ணில் நீர் வராத குறையாக அவர் எனக்குச் சொன்னது இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது.

அவர் கட்டை எண்ணிப் பாருங்கள். 61 இருக்கும்.

இது அஞ்ஞானத்தால் நேர்ந்ததென்றால் மன்னித்துவிடலாம். ஞானத்தால் நேர்ந்தது என்பதே துர்ப்பாக்கியம். அவருடைய வாதத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். 60-இல் 20 மலை வைத்தால் 33.3 சதவீதம், அது குறைவு. மூன்றாவது சுற்றில் நிலமின்றித் தவிக்க நேரும். 60-இல் 21 வைத்தால் 35 சதவீதம், அது அதிகம். ஆட்டம் முற்றும்போது கையில் மலைமலையாக நிற்கும். 61-இல் 21 வைத்தாலோ 34.4, அதுதான் பரிபூரணம். இப்படிச் சொல்லி நிறுத்தி, நம் முகத்தை ஆவலோடு பார்ப்பார். சரிதான், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அவருக்குத் திருப்தி ஏற்படாது; "ஆனால் 61 தப்பு அண்ணே" என்று அவரே கட்சி மாறிவிடுவார். தப்பென்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றாலோ, "எதை?" என்பார். அந்த 'எதை'யில்தான் என் வாழ்நாளின் எத்தனையோ மாலைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

எந்தச் சீட்டைச் சுட்டினாலும் அதற்கு அவர் வக்கீல். இரண்டு மானாச் சீட்டு ஒன்றைக் காட்டினால், நீலக் கட்டை எதிர்ப்பதற்கு அது ஒன்றுதானே துணை என்பார். நீலக் கட்டோடு நீங்கள் ஆடியே ஆறு மாதமாகிறதே என்றால், வந்துவிட்டால் என்ன செய்வது என்பார். மழைக்காலம் முடிந்த பின்னும் குடையைக் கைவிடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, இரண்டும் இல்லாத நாளுக்கு ஒன்று என்று மூன்று குடை வைத்திருப்பவரை இவரிடத்தில்தான் கண்டேன்.

ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் விரிப்பை நீவிவிட்டு, 61 சீட்டுகளையும் ஒரு மானாச் சீட்டு ஒரு வரிசை, இரண்டு மானாச் சீட்டு ஒரு வரிசை, மூன்று ஒரு வரிசை என்று, சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்புவதுபோல் பரப்பினார். ஒவ்வொரு சீட்டுக்கும் மேலே தூசு ஒட்டாத மேட் உறை. அதற்குள்ளே கண்ணாடிபோல் இன்னோர் உறை. என் மனைவி சாதத்தையும் ரசத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, தட்டு வைக்க இடமில்லாமல் அரைமணி நேரம் நின்றாள். கடைசியில் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "இந்தக் கோப்ளின் பார்க்கவே சகிக்கவில்லை, இதை எடுத்துவிடுங்கள் தம்பி" என்றாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கால்மணி நேரம் அந்தக் கோப்ளினையே உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். மின்தூக்கி கீழே போய்ச் சேர்ந்திருக்காது. என் கைப்பேசி ஒலித்தது. "அண்ணியிடம் தப்பாக நினைக்க வேண்டாமென்று சொல்லுங்கள் அண்ணே. மறுபடி சேர்த்துவிட்டேன்."

எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், மடியில் கட்டை வைத்து ஏழு சீட்டு எடுத்துப் பார்ப்பார், குறிப்பேட்டில் எழுதுவார், கலைப்பார், மறுபடி ஏழு எடுப்பார். எதிராளியில்லாமல் இப்படித் தனியே ஆடிப் பார்ப்பதைத் தங்கமீனோடு ஆடுவது என்று இந்த உலகத்தில் சொல்வார்கள். தங்கமீன் திருப்பி அடிக்காது என்பதால் இவருக்கு அதனிடத்தில் அபாரப் பிரியம். 60 சீட்டுக் கட்டிலிருந்து ஏழு சீட்டுக் கை 38 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் விதமாக அமையலாம் என்பது கணக்கு. அத்தனையையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எதிராளியின் எதிரே உட்காருவது என்று சங்கற்பம் செய்துகொண்டவர்போல் தோன்றுகிறது.

அவருக்கு ஆதர்ச புருஷர் ஒருவர் உண்டு. 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிச் சுற்றில், பால் ஸ்லை என்பவர், அக்காலத்து நிபுணர்கள் குப்பையென்று ஒதுக்கிய மலிவான சிவப்புச் சீட்டுகளைக் கொண்ட ஒரு கட்டை ஆடி இரண்டாம் இடம் வரை வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் கைவசமுள்ள மானாவில் துளியும் வீணாகாதபடி, இந்த விலைக்கு இத்தனை சீட்டு என்று கணக்கிட்டு அடுக்கிய கட்டு அது. இன்று எல்லோரும் பேசுகிற மானா வளைவு என்ற சித்தாந்தம் வேரூன்றியது அதனால்தான். நம்மவருடைய ஆதர்சம் அந்த ஸ்லை என்று நினைத்தீர்களானால் தவறு. அந்தக் கட்டை வகுத்துக் கொடுத்தவர் ஜே ஷ்னைடர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் கட்டுக்கு நிலைத்த பெயரோ ஆடியவரின் பெயர். இந்த அநீதியைச் சொல்லும்போது நம்மவர் குரல் கம்மிவிடும். "கட்டியவனை யார் அண்ணே நினைக்கிறார்கள்?" என்பார். ஷ்னைடர் என்றைக்கோ ஒருநாள், போதும், இதுதான் கட்டு என்று முடிவுசெய்து அதை ஆடுவதற்குக் கொடுத்தார் என்ற பகுதி மட்டும் அவர் செவியில் ஏறுவதில்லை.

இதுவரை வேடிக்கையாகச் சொல்லி வந்தேன். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. இந்த மனிதரை நான் ஜெயித்ததே இல்லை. அவர் திறமையால் அல்ல. இருபது உயிரிலிருந்து பூஜ்யம் வரை, முறைப்படி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நான் அவரைத் தோற்கடித்து நிமிர்ந்து பார்க்கும்போது, அவர் முகத்தில் தோல்வியின் சாயலே இராது. ஆராய்ச்சியின் பிரகாசம் இருக்கும். "நல்லதாயிற்று அண்ணே, இந்த மூன்றாவது சீட்டு பிரயோசனமில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே அதை மாற்றுவார். அடுத்த வாரம் நான் அந்த வெற்றியைச் சாடையாக ஞாபகப்படுத்தினால், "அது பழைய டெக் அல்லவா?" என்பார். நான் ஜெயித்ததெல்லாம் இப்போது உலகத்தில் இல்லாத கட்டுகளை. வெற்றிக்கு ஒரு கோப்பையோ கைதட்டலோ வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தோற்றவர் ஒருவர் வேண்டும். வாரத்தில் ஐந்து நாளும் வேலை பார்த்து, ஆறாம் நாள் வேலையை வீட்டுக்கும் கொண்டுவருகிற நான், அந்த ஒரு மாலையில் கடைக்குப் போவது ஆடுவதற்கு. ஆலோசனைச் சபை நடத்துவதற்கு அல்ல. மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டே ஆட்டம் ஆடி எழுந்த வெள்ளிக்கிழமைகளை யாரிடம் நான் திரும்பக் கேட்பது?

இப்படிக் கோபம் முற்றியிருந்த நாளொன்றில்தான் அந்தப் பையன் வந்தான். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், ரப்பர் வளையம் போட்ட 93 சீட்டோடு வந்து நின்று, இதை வைத்துப் போட்டியில் சேரலாமா என்று கேட்டான். எல்லா நிறமும் அதில் இருந்தது. அவன் வாங்கியதும் அவனுக்குக் கிடைத்ததுமான சகலமும் அதில் இருந்தது. கடையில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். நம்மவர் புன்னகைக்கவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு நான் பார்த்த காட்சியை என் கண்களாலேயே நம்ப முடியவில்லை. "இது வேண்டாம். இது வேண்டாம். இது அழகாக இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள். இது வேண்டாம்" என்று, களையெடுக்கிறவளின் கைபோல அந்தக் கை ஒரு கணமும் தயங்காமல் 33 சீட்டை எடுத்து ஒதுக்கிற்று. நிலம் போதவில்லை என்று கண்டு, ஒதுக்கியது போக இன்னும் ஆறு சீட்டைக் கழித்து, தம் பெட்டியிலிருந்து ஆறு காட்டுச் சீட்டை எடுத்துப் போட்டார். இருபது நிமிஷத்தில் சரியாக 60. பையன் அன்று இரண்டு சுற்று ஜெயித்தான். அதைப் பார்க்கும் சிரத்தையில் இவர் தம் சொந்தச் சுற்றுக்குத் தாமதமாகப் போய், முதல் ஆட்டத்தை ஆடாமலே தோற்றார். அன்றைக்கு நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் மறுபடி வீட்டுக்கு வந்தார். இம்முறை சாப்பாட்டு நேரம் தவறிய பிறகே வந்தார் என்பதை அவர் பெருமைக்காகச் சொல்ல வேண்டும். நடுநிசி வரை பரப்பினார், அடுக்கினார், பெருமூச்சுவிட்டார். வாரிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகு விரிப்பை உதறியபோது, அதன் மடிப்பிலிருந்து ஒரு மலை விழுந்தது. கையில் எடுத்து, இரட்டை உறைக்குள் அது பளபளப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி ஒலித்தது.

"அண்ணே, எண்ணிப் பார்த்தேன். 60 இருக்கிறது."

"60-ஆ?"

"மூன்று தடவை எண்ணிவிட்டேன். 60-தான்."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தம் கட்டில் எந்தச் சீட்டு எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். எங்கே போயிற்று அந்த ஒன்று என்று கேட்பாரென நான் காத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. என் கையில் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை. இருவரும் சிறிது நேரம் மௌனமாக இருந்தோம். "நல்லது தம்பி, தூங்குங்கள்" என்றேன். "சரிங்க அண்ணே" என்ற அவர் குரலில், பத்து வருஷத்துக் கடனை அடைத்தவனின் நிம்மதி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் நான் நுழைந்ததும், சுவரோர நாற்காலியிலிருந்து கையசைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"யோசித்துப் பார்த்தேன் அண்ணே. மலை 20 ஆகிவிட்டதால், ஒரு மானாவில் ஆடக்கூடிய சீட்டு இன்னும் இரண்டு தேவைப்பட்டது. சேர்த்துவிட்டேன். இப்போது 62."

"சரி."

"ஆனால் 62-இல் 20 மலை என்றால் 32.3 சதவீதம்தான் வருகிறது. போதாது. இன்னும் ஒரே ஒரு மலை போட்டால் 63-இல் 21, துல்லியமாக மூன்றில் ஒரு பங்கு. உங்களிடம் உபரியாக மலை ஏதாவது இருக்குமா?"

60-இல் 20 என்பதும் அதே மூன்றில் ஒரு பங்குதானே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, அந்த மலையை எடுத்துக் கொடுத்தேன்.