நெற்றிக்கு ஒரு துப்பாக்கி

கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி நீட்டாத இடமே கிடையாது. வங்கி வாசல், ரேஷன் கடை, நெய்வேலிப் பக்கத்து வடக்குத்து ஊரின் மளிகைக் கடை, எங்கும் அதே கதைதான். ‘பீப்’ என்று சத்தம் வரும். எவ்வளவு காட்டியது என்று நீட்டியவரும் பார்க்க மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். உள்ளே போகலாம்.

2020 மே 3 அன்று நாடெங்கும் மருத்துவமனைகள் மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் பூத் தூவின. நாலு நாள் கழித்து, வடக்குத்துக்குப் பக்கத்திலேயே, நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. எட்டுத் தொழிலாளர்கள் வெந்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன். அன்றைக்கே ஆறு பேர் போய்விட்டார்கள். மனுஷனுக்கு நாளெல்லாம் சூடு பார்த்தீர்கள். கொதிகலனுக்கு யார் பார்த்தது?

பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புகிற ஊர் நெய்வேலி. அந்த நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு நவரத்னா பட்டம் வேறு. ஆனால் ஜூலையில் வெந்த உடம்புகளைச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். சென்னையில் அப்போது முழு ஊரடங்கு. அங்கே ஒவ்வொருவராக இறந்தார்கள். இரண்டாவது விபத்தின் சாவு மட்டும் பத்தைத் தாண்டியது.

விபத்தில் சிக்காத நோயாளிக்கு வேறு வகை மரியாதை. டயாலிசிஸ்காரரோ, கீமோ போடுகிறவரோ, நிறைமாதக் கர்ப்பிணியோ, முதல் வைத்தியம் மூக்கில் குச்சி. தனியாரிடம் போனால் அந்தக் கொரோனா டெஸ்டுக்கு 3,000 ரூபாய் வரை வாங்கலாம் என்று அரசே விலை வைத்தது. மாவட்டம் தாண்ட அப்போது இ-பாஸ். ரிசல்ட் வரும்வரை வலி பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

குச்சி போதாதென்று ரேபிட் கிட்டும் வந்தது. இறக்குமதி விலை 245 ரூபாய். அரசுக்கு விற்ற விலை 600. விற்றவர்களுக்குள் பங்குச் சண்டை வந்து டெல்லி உயர் நீதிமன்றம் போனதால்தான் இந்தக் கணக்கே நமக்குத் தெரிந்தது. நீதிமன்றம் 400 போதும் என்றது. மூன்றே நாளில் அந்தக் கிட்டையே பயன்படுத்தாதீர்கள் என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது ஐசிஎம்ஆர். சண்டை வாழ்க!

தனியார் ஐசியூவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்தான் உச்சம் என்று 2020 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு சுவரில் இருந்தது. பில் கையில் இருந்தது. பில்லில் தினமும் பிபிஇ கிட் என்று ஒரு வரி. ஒரே உடுப்போடு நர்ஸ் பத்துக் கட்டிலைச் சுற்றி வருவார். உடுப்பு பத்துப் பில்லிலும் ஏறும்.

கொரோனாவுக்கு ரெம்டெசிவிர் மருந்து வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்தது. 2021 ஏப்ரலில் நம் டாக்டர்கள் சீட்டில் அதையே எழுதினார்கள். அரசு அதை விற்கச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கவுன்ட்டர் திறந்தது. கூட்டத்தில் நிற்காதே என்று ஒரு வருடம் பாடம் நடத்திய அரசு, நோயாளியின் பிள்ளைகளைத் தோளோடு தோள் இடிக்க ராத்திரி பகலாக வரிசையில் நிற்க வைத்தது.

அடுத்த மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் நின்றுபோனது என்று உறவினர்கள் கதறினார்கள். தட்டுப்பாடே இல்லை என்றது நிர்வாகம். ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஒன்றிய அரசு பதில் தந்தது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுச் சொல்லவில்லையாம். கேட்டால் சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு. மாநிலத்தைக் கேட்டால் டெல்லி. நடுவே செத்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். பீரோவில் கிடக்கும் அந்த ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அவற்றை நீட்டுங்கள். நெற்றிக்கு நேராக.