பெல்ட்டு போட்டா ஓடும், அப்புனு

ஏனப்புனு, உன்ர புது வாசிங் மெசினு தொவைச்சு முடிச்சதும் பாட்டுப் பாடுமாமா? அதும் சும்மா பாட்டில்லையாம். சூபர்ட்டுனு வியன்னாவுல ஒருத்தரு 1817ல மெட்டுப் போட்டதாம். ஒரு மீனப் பத்தின பாட்டாம். சாம்சங் மெசினெல்லாம் அதத்தான் பாடுதுங்கறாங்க. பாடட்டும். சட்டை அலசறதுக்கும் மீனுக்கும் என்ன ஒறவுன்னு நான் கேக்கல. ரெண்டுக்கும் தண்ணி வேணுமல்ல, அப்படி இருக்கும். பாட்டக் கேட்டு நீ எந்திரிச்சுப் போனயா, அதச் சொல்லு. எங்க போன? கட்டல்ல படுத்துட்டு போனத்தான நோண்டுன. ராத்திரி முச்சூடும் ஈரத்துணி உள்ளயே கெடந்து ஊசிப் போச்சு. மறுக்கா தொவைச்ச. மறுக்கா அது பாடுச்சு. மறுக்கா நீ படுத்துட்ட.

எங்கூட்டுத் தாவாரத்துல ஒண்ணு நிக்குதே, ரெண்டு மூடி வெச்சது, அதுக்கு முன்னால நின்னு போட்டோ புடிச்சு 'விண்டேஜ்'னு எழுதிப் போட்டயாமா. நெறையப் பேரு நெஞ்சுல கைய வெச்சாங்களாம். 'அந்தக் காலமே சொகம்'னு ஒருத்தி எழுதியிருக்கறா. எந்தக் காலம் கண்ணு? மெசினு வந்த காலமா, வராத காலமா? வராத காலந்தான் சொகம்னு எழுதறவங்களக் கெணத்துமேட்டுத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ஜமுக்காளத்தக் குடுக்கோணும். நனைச்ச ஜமுக்காளத்தத் தூக்கிக் கல்லுல அடிச்சுப் பாரு. மூணாவது அடிக்குப் பழைய காலம் தோள்பட்டையில வந்து உக்காந்துக்கும். உங்க அம்மாயி அடிச்சா. கையெல்லாம் சவுக்காரம் அரிச்சு வெடிச்சுக் கெடக்கும். அவ ஒரு நாளும் அதச் சொகம்னு சொன்னதில்ல. சொன்னதெல்லாம் கரையில உக்காந்து பார்த்த ஆம்பளைங்கதான்.

சுவீடன்ல ஹான்ஸ் ரோஸ்லிங்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. 2010ல ஒரு மேடையில வாசிங் மெசினப் பத்தியே பேசுனாரு. அவரு சின்னப் பையனா இருக்கறப்ப ஊட்டுக்கு மொத மெசினு வந்துதாம். கெழவிய வரச்சொன்னாங்களாம். காலம் பூராவும் வெறகு போட்டுத் தண்ணி காய வெச்சு, கையில தொவைச்ச கெழவி. பொத்தான நாந்தான் அமுத்துவேன்னு அமுத்திப்போட்டு, நாற்காலியப் போட்டு உக்காந்து, தொவைச்சு முடியற வரைக்கும் பார்த்துச்சாம். அதக் கேட்டு நான் சிரிக்கல. எங்கூட்டுலயும் மெசினப் பார்த்துட்டுத்தான இருந்தாங்க.

எங்கூட்டுக்கு அந்தத் தாவாரத்து மெசினு சீர்ல வந்துது. மண்டபத்துல பீரோவுக்கும் கட்டலுக்கும் நடுவுல ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தாங்க. ஒறம்பரை அத்தன பேரும் மூடியத் தெறந்து தெறந்து எட்டிப் பார்த்தாங்க. உள்ள என்ன இருக்குதுனு பார்த்தாங்களோ, ஒண்ணுமில்ல. அப்பத்தான் வீடியோகான் விளம்பரம் டீவியில ஓடிட்டிருந்த நேரம். புதுச்சேரியிலயே டிவிஎஸ்காரங்க வேர்ல்பூலோட சேந்து மெசினு செய்யறாங்கன்னு பேச்சு. எங்கூட்டுல எறக்கி வெச்சதும் மொத வேல என்ன தெரியுமா? அளவெடுத்து ஒரு உறை தெச்சாங்க. பூப்போட்ட துணி, ஓரத்துல ஜாலரு. மேல ஒரு வெங்கடாசலபதி படம். துணி தொவைச்சுதாங்கற? துணி அதும்மேல மடிச்சு வெச்சிருந்துது. கரண்டுக்குப் பயம். தண்ணிக்குப் பயம். அதுக்கும் மேல, நல்ல சேலை கிழிஞ்சு போயிருமோன்னு பயம். கடேசியில ஒரு மழை நாள்ல, கரண்டிருந்த நேரமாப் பார்த்து, உங்க அம்மாயி என்ர பழைய வேட்டி ஒண்ணத்தப் போட்டுப் பார்த்தா. கிழிஞ்சாப் போச்சாது என்ர வேட்டிதான!

அப்புறம் பாரு, அந்த மெசினு வேல செஞ்ச அழக. குழாய்ல தண்ணி வேகம் இருக்கோணும்னு அது கேக்கவே கேக்காது. கொடத்துல மொண்டு ஊத்து, வாங்கிக்கும். வாளியில ஊத்து, வாங்கிக்கும். அடியில ஒரு தட்டு, அதுல விரலு மொத்தத்துல நாலு மேடு. அது இந்தப் பக்கம் கொஞ்சம் சுத்தும், நிக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் சுத்தும். அவ்வளவுதான் வித்தை. பஞ்சாப் பக்கத்துல லஸ்ஸிக் கடைக்காரங்க அதே மெசினுல தயிரக் கடைஞ்சாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. கடையட்டுமே? மத்து செய்யற வேலயத்தான அதும் செய்யுது.

தண்ணிக் கணக்கு ஒண்ணு இருந்துது. அத ஒரு பொஸ்தகத்துலயும் எழுதல. மொத வேட்டியும் வெள்ளைச் சட்டையும். அதே சோப்புத் தண்ணியில கலர் துணி. அதே தண்ணியில தோட்டத்துக்குப் போட்டுட்டுப் போற லுங்கி. கடேசியா மிதியடி. பொறவு ஓசக் கீழ எறக்குனா சாளை வாசல் கழுவிப் போகும். அலசறதுக்கு மட்டும் நல்ல தண்ணி, அதுல வெள்ளைக்கு ரெண்டு சொட்டு நீலம். உன்ர மெசினு என்ன பண்ணுது? சோப்புத் தண்ணிய ஒரு ஈடு முடிஞ்சதும் உருட்டிக் கீழ விட்டுட்டு, அடுத்த ஈட்டுக்குப் புதுசாக் கேக்குது. போர் போட்டு எண்ணூறு அடிக்கு எறங்கியும் தண்ணி வராத ஊர்ல இந்த தாராளம் ஆருக்கு வந்துது?

டைமர்தான் அதுல வேடிக்கை. சாவி குடுக்கற டைமரு, உள்ள ஸ்பிரிங்கு. பதினஞ்சு நிமிசத்துக்குத் திருப்பி உட்டா டிக்கு டிக்குன்னு எறங்கும். நடுவுல கரண்டு போச்சுன்னு வெய்யி, மோட்டார் நிக்கும், டைமர் நிக்காது. ஆளில்லாத கவருமெண்டு ஆபீசு ஃபேனாட்ட அது பாட்டுக்கு ஓடும். நேரம் முடிஞ்சதும் வேல முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்கும். துணி போட்ட எடத்துலயே இருக்கும். எங்கூட்டுக்காரி அதத் திட்டாத திட்டில்ல. ஆனா மறுக்கா திருப்பி உட்டுப்போட்டு அடுப்பு வேலையப் பார்ப்பா. எத்தன நேரம் சுத்தோணும்னு துணியப் பார்த்து அவ முடிவு பண்ணுவா. கறை போகலையா, மூடியத் தெறந்து காலர்ல ரெண்டு தேய்ப்பு தேய்ச்சு உள்ள போடுவா. உன்ர மெசினத் தெறந்து பாரு பார்க்கலாம்! கதவப் பூட்டிக்கிட்டு, ஒரு சாக்ஸ் வெளிய கெடந்துதேன்னு நீ கெஞ்சுனாலும் தெறக்காது.

எங்கூட்டு மெசினுல ரெண்டாவது மூடிக்குக் கீழ இருக்கற தொட்டிக்குப் பேரு டிரையரு. காய வெக்குமா? வெக்காது. புழிஞ்சு குடுக்கும். திருப்பூர் சாயப்பட்டறையில ஹைட்ரோங்கறாங்களே, பெரிய சட்டி, துணியப் போட்டு வெசையாச் சுத்துனா தண்ணி ஓட்டை வழியா வெளிய தெறிக்கும், அதோட குட்டி இது. துணிய ஒரு பக்கமாக் குமிச்சுப் போட்டயோ, தொலைஞ்ச. டமடமன்னு அடிச்சு, எடத்த உட்டு நகந்து, செவுத்துல போயி முட்டும். ஆராச்சும் ஓடிப் போயி மூடியத் தெறக்கோணும். தெறந்தா பிரேக் புடிச்சு நிக்கும். துணியச் சமமா அமுக்கி, மேல பிளாஸ்டிக் தட்ட வெச்சு மூடுனா ஒழுங்காப் போகும். நம்ம மெசினு மட்டும் நடந்துதுன்னு நெனைக்காத. 1937ல அமெரிக்காவுல பெண்டிக்ஸ் கம்பெனிக்காரங்க தானாத் தொவைக்கற மெசினு கொண்டுவந்தப்ப, தரையில போல்ட்டுப் போட்டு முடுக்கச் சொன்னாங்க. இல்லாட்டி அதும் ஊரச் சுத்தப் போயிருக்கும்.

நெசமாவே காய வெக்கற மெசினு ஒண்ணு வாங்கியிருக்கறயாமா. கோயமுத்தூர்ல! சித்திரை வெய்யில் மொட்டைமாடியில சும்மா கெடக்குது, துணியப் போட்டா அரை மணியில அப்பளம் பொரியும். கேட்டா, அப்பார்ட்மெண்டுல பால்கனியில துணி காயப் போட்டா அசிங்கமாம், சங்கத்துல தடையாம். ஏங்கண்ணு, துணி உடுத்தறது அசிங்கமில்ல, காயறது அசிங்கமா? அந்த மெசினோட கதைய நல்லாக் கேட்டுக்க. தொவைக்கறதும் காய வெக்கறதும் ஒட்டுக்கா இருக்கற சில மெசினுல, துணியில இருந்து எந்திரிக்கற ஆவியத் தண்ணியாக்கறதுக்குக் குழாய்த் தண்ணிய உட்டுக் குளிர வெக்கறாங்க. ஈரத்த எடுக்கறதுக்குத் தண்ணிச் செலவு! அதும்மேல எட்டுக் கிலோ தொவைக்குமாம், அஞ்சு கிலோதான் காய வெக்குமாம். மிச்சம் மூணு கிலோவ என்ன பண்ற? பால்கனிக் கதவுக்குப் பின்னால நாற்காலி மேல ஒளிச்சு வெச்சுக் காயப் போடற. நான் பார்த்தேன்.

மெசினுக்குக் கண்ணாடிக் கதவு எதுக்குன்னு என்னிக்காச்சும் ரோசனை பண்ணியிருக்கறயா? 1930கள்ல அமெரிக்காவுல ஹேமில்டன்னு ஒரு கம்பெனி காய வெக்கற மெசினு செஞ்சுது. வெறும் பொட்டியா இருந்துது. புரூக்ஸ் ஸ்டீவன்ஸுனு வடிவம் போடறவரு ஒருத்தரு, கதவுல கண்ணாடி வெய்யுங்க, உள்ள பளபளன்னு கலர் ஜட்டியப் போட்டுச் சுத்த உடுங்கன்னாரு. கடையில கூட்டம் நின்னு பார்த்துது. ஜட்டி சுத்தறதப் பார்க்கக் கூட்டம்! நானும் பார்த்திருப்பேன், அது வேற. அதே மனுசன்தான் 1954ல இன்னொண்ணையும் மேடையில சொன்னாரு. பொருளு ஒடையறது இருக்கட்டும், தேவைக்குக் கொஞ்சம் முந்தியே, இருக்கறதவிடக் கொஞ்சம் புதுசா ஒண்ணு வேணும்னு வாங்கறவன் மனசுல ஆசைய முளைக்க வெக்கறதுதான் யாவாரம்னு. பரவாயில்ல, ஒளிவு மறைவில்லாம சொன்னாரு. இப்ப நம்ம கடைக்காரன் அதச் சொல்லாமயே செய்யறான். போன வருசத்து மெசினுல நீலக் கதவு, இந்த வருசம் கருப்புக் கதவு. அழுக்குக்குக் கலர் தெரியுமா?

இப்ப உன்ர மெசினுக்கு ஏஐ இருக்குதாம். துணியப் பார்த்துத் தானா முடிவு பண்ணுமாம். இத நான் முன்னாடியே கேட்டாச்சு, அப்புனு. அப்ப அதுக்குப் பேரு 'ஃபஸி லாஜிக்'. லாட்ஃபி ஜாடேன்னு ஒரு புரொபசரு 1965ல எழுதுனது. ஆமா, இல்லங்கற ரெண்டு பதிலுக்கு நடுவுல கொஞ்சம், நொம்பன்னும் கணக்குல எடுத்துக்கலாம்னு. நல்ல ரோசனைதான். 1990 வாக்குல ஜப்பான்ல மட்சுஷிட்டா கம்பெனி அத வாசிங் மெசினுல போட்டுது. அழுக்குத் தண்ணியில வெளிச்சத்தப் பாய்ச்சி, எவ்வளவு கலங்கலா இருக்குதுன்னு பார்த்து நேரத்த முடிவு பண்ணும். அப்பவும் ஊரே வாயப் பொளந்துது. உங்க அம்மாயி தண்ணிய உத்துப் பார்த்து 'இன்னொரு சுத்து உடோணும்'னு சொன்னப்ப ஒரு பயலும் வாயப் பொளக்கல.

சரி, ரிப்பேருக்கு வா. உன்ர மெசினுல போன மாசம் என்னமோ எழுத்தும் நெம்பரும் மின்னிட்டு நின்னு போச்சல்ல? கம்பெனி ஆளு வந்தான். கழுத்துல அட்டை மாட்டியிருந்தான். மெசினத் தொடவே இல்ல, போனத்தான் தொட்டான். 'போர்டு போயிருச்சு சார்'ன்னான். போர்டு விலை கேட்டா மெசினுல பாதி. அது வர இருவது நாளாம். பேசாம புதுசே எடுத்துருங்க சார்ன்னு அவனே ரோசனை சொன்னான். நீயும் தலையாட்டுன. மெசினு நின்னு போனதுக்குக் காரணம் என்னன்னா, நம்ம ஊட்டுல உப்புத்தண்ணி. சிறுவாணித் தண்ணி வர்ற ஊட்டுல ஓடற ஓட்டம் போர் தண்ணியில ஓடாது. ஹீட்டர்ல உப்புப் படியும். அத ஆரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. பாட்டு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கறாங்க.

புதுசு வர்ற வரைக்கும் துணி குமிஞ்சிட்டு இருக்கறது எனக்குத் தெரியும். தாவாரத்து மெசினக் கண்ணு வெச்சுட்டுத்தான நீ இங்க பழமை பேச வந்த? எடுத்துக்க. ஆனா ஒரு வாரமா அது மக்கர் பண்ணுது. கேட்டுக்க. மோட்டார் உம்முன்னு சத்தம் போட்டு, தட்டு சுத்தாம, கையில ஒரு சுத்து சுத்தி உட்டா ஓடுச்சுன்னா, கண்டன்சர் போயிருச்சு. மோட்டார் ஓடுது, தட்டு மட்டும் நிக்குதுன்னா, பெல்ட்டு. இது பெல்ட்டுதான், ரப்பர் வாசம் அடிச்சுது. காந்திபுரத்துப் பக்கம் ஸ்பேர் கடையில கெடைக்கும். பழைய பெல்ட்டக் கையோட எடுத்துட்டுப் போ, நெம்பர் அழிஞ்சிருந்தா அளந்து குடுப்பாங்க. விலையக் கேட்டுப்போட்டு, 'இவ்வளவுதானா'ன்னு கடைக்காரன் முன்னால கேட்டுராத, ஏத்திப்போடுவான்.

பிளக்கப் புடுங்கிட்டுத்தான் பின்னாடி மூடியக் கழட்டோணும், தெரியுமல்ல? கழட்டுன ஸ்க்ரூவ ஒரு கிண்ணத்துல போட்டு வெய்யி. போன தடவ ஃபேனக் கழட்டி மாட்டுனப்ப மிஞ்சுன ஸ்க்ரூ இன்னும் எங்கிட்டத்தான் இருக்குது.